ஐந்தாவது ஏன்

இன்டர்வியூ சுகுணாவுக்கு, தூக்கம் கெட்டது மாதவனுக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெங்களூரில் இருக்க வேண்டும். புதிதாகத் திறந்த பெரிய ஆஸ்பத்திரி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் இருபது நர்சுகள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. அந்த விளம்பரத்தைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டியதும் மாதவன்தான். இரண்டு நாளாக அதைத்தான் சாமி படம்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வேலையை விட்டு, தப்பு, வேலை அவனை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. இரண்டாயிரத்தெட்டு தீபாவளிக்குப் பிறகு ஓசூர் சிப்காட்டில் காற்றே மாறிப்போயிற்று. அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்ததாம், அதனால் இங்கே லாரி விற்கவில்லையாம், அதனால் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் குடியிருக்கும் மாதவனுக்கு ஷிப்ட் இல்லையாம். முதலில் வாரத்துக்கு மூன்று நாள் என்றார்கள், பிறகு இரண்டு நாள். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டில் நின்ற செக்யூரிட்டியே வேலை போனவர்கள் பட்டியலைப் படித்துவிட்டான். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எட்டு வருஷம் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன் மாதவன். இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால், அளவுகோல் வைக்கும் முன்பே 'இது ரிஜக்ட்' என்று சொல்லிவிடுவான். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதைப் பற்றி அவன் பேச மாட்டான்.

அவனுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூருக்கு வந்த புதிதில் மிஷினில் விரல் நசுங்கி, தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கட்டுப் போட்டவள் சாமல்பட்டிக்காரி சுகுணா. கட்டுப் பிரிக்க ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியும் இவன் ஆறு தடவை போனான். ஆறாவது தடவை, "காயம் ஆறி ஒரு மாசமாவுது. இனிமேட்டுக்கு வர்றதா இருந்தா எங்கப்பாவ வந்து பாருங்க" என்று அவளே சொல்லிவிட்டாள். அப்படி ஆன கல்யாணம். பெண் குழந்தை ஸ்வாதிக்கு இப்போது ஐந்து வயது. சுகுணா இன்னமும் அதே ஆஸ்பத்திரியில், நான்கு கட்டில் போட்ட ஐ.சி.யூ.வில் இருந்தாள். அவள் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடாது. பெங்களூர் வேலை கிடைத்தால் ஓடும். கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய் அண்ணன் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதை நினைத்தாலே மாதவன் எழுந்து போய் அந்த விளம்பரத்தை மறுபடி படிப்பான்.

ஆகவே அவளைத் தயார் செய்யும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய செக்கிங் தாள்களின் பின்பக்கத்தில் கேள்விகள் எழுதினான். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பெரிய அதிகாரிபோலக் கண்ணை இடுக்கிக் கேட்டான்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்."

"மை நேம் ஈஸ் சுகுணா. ஐ யாம் கம்மிங் ஃப்ரம்..." என்று ஆரம்பித்துச் சாமல்பட்டியிலேயே நின்றுவிடுவாள். ஸ்டேஷனில் நின்ற ரயிலாவது கொஞ்ச நேரத்தில் கிளம்பும். இவள் கிளம்ப மாட்டாள்.

வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஆளே வேறு.

"பேஷன்ட் திடீர்னு மூச்சுக்குத் திணறுறான். வென்டிலேட்டர் மிஷின் கத்துது. என்ன செய்வ?"

"மொதல்ல மிஷினப் பாக்கமாட்டன், ஆளப் பாப்பன். நெஞ்சு ரெண்டு பக்கமும் ஏறுதா, தொண்டைல போட்ட குழாய் நகந்துக்கிச்சா, சளி அடைச்சிருக்கான்னு பாப்பன். ஒன்னும் புடிபடலன்னா மிஷினக் கழட்டிட்டு ரப்பர் பைய மாட்டி, நானே கையால அமுக்கி மூச்சு குடுப்பன். அப்புறமேட்டுக்குத்தான் மிஷின்."

முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரி சரோஜம்மாள், துணி காயப் போட வந்தவள், கொடிக்கயிற்றைப் பிடித்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், குடித்தனக்காரர்களிடம் தமிழ்.

"ஏமி மாதவா, நர்சம்மாவுக்கு நீ பாடம் எடுக்கறியா? ஊசின்னா மூஞ்சியத் திருப்பிக்கற ஆளு நீ!"

"இது இன்டர்வியூ டெக்னிக்கு சரோஜம்மா. உங்களுக்குப் புரியாது."

"புரிய வேணாம்ப்பா. சனிக்கெழம கொழந்தைய நான் பாத்துக்கறன். போயி ஜெயிச்சினு வாங்க."

வியாழக்கிழமை சுகுணாவுக்கு விடுமுறை. வெயில் ஏறி பதினொரு மணியாகியும் குளிர் விடவில்லை. அவரைக்காய்க் காலம், தெருவெல்லாம் அந்த வாசனைதான். ஊறவைத்த அவரைக்கொட்டையை மடியில் வைத்து, ஒவ்வொன்றாக விரலால் அமுக்கித் தோலை நீக்கிக்கொண்டிருந்தாள். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் மத்தியானத்துக்கு. உதவி செய்கிறேன் என்று மாதவனும் உட்கார்ந்தான். அவன் அமுக்கிய கொட்டையெல்லாம் எகிறிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"நீங்க கேள்விய மட்டும் கேளுங்க, போதும்" என்றாள்.

"ஒரு கேள்வி கட்டாயம் கேப்பாங்களாம். எங்க லைன்ல இருந்த பிரகாஷோட தங்கச்சியும் நர்சுதான, அது சொல்லுச்சாம். நீங்க வேலையில செஞ்ச தப்பு ஒன்னு சொல்லுங்கம்பாங்களாம். தப்பே செய்யலைன்னு சொன்னா வெளிய அனுப்பிருவாங்களாம்."

"உங்களக் கட்டிக்கிட்டனே, அதச் சொல்லட்டா?"

"ஏய், வெளாடாத. யோசி."

"ஒருக்கா ஒரு பெரியம்மாவுக்கு, சாப்பாட்டுக்கு முன்னால குடுக்க வேண்டிய மாத்திரைய சாப்ட்டப்பறம் குடுத்துட்டன்."

"ரிஜக்ட். இதெல்லாம் ஒரு தப்பா? நம்பமாட்டாய்ங்க. பெருசாச் சொல்லு."

அவள் கை நின்றது. மடியில் இருந்த கொட்டைகளைக் கொஞ்ச நேரம் துழாவினாள்.

"ஒன்னு இருக்குது" என்றாள்.

மாதவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பென்சிலை எடுத்து, தாளில் வரிசையாக ஐந்து கட்டம் போட்டான். கம்பெனியில் அவன் கற்ற பெரிய வித்தை இதுதான். ஒரு பாகம் கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். வந்த பதிலை வைத்து மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை கேட்டால் அடிவேர் வந்துவிடும் என்பது ஜப்பான்காரன் கணக்கு. இந்த வித்தையை இரும்பின்மேல் மட்டும் காட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"சொல்லு. தப்பு என்ன?"

"ரெண்டு வருசம் முன்ன, மாங்கா சீசன்ல. வேப்பனப்பள்ளிப் பக்கம் கிருஷ்ணப்பன்னு ஒருத்தரு. தோப்புல காவலுக்குப் படுத்திருந்தவர கட்டுவிரியன் கடிச்சிட்டுது. அஞ்சு நாளு மிஷின்ல இருந்தாரு. கண்ணத் தெறக்கல, கை கால் ஆடல. வூட்டு ஆளுங்க பொழைக்கமாட்டாருன்னு முடிவு பண்ணிட்டாங்க. டாக்டரு இன்னும் நாலு நாள் பாக்கலாம்னுதான் சொன்னாரு. அவுங்க கேக்கல. எங்க பக்கம், வெளிய செத்தா பொணத்த வூட்டுக்குள்ள கொண்டாரமாட்டாங்க. தெருவுலயே போட்டு எடுத்துருவாங்க. அதனால உசுரோட வாசப்படி தாண்டணும்னாங்க. நாந்தான் கூடப் போனன். ஆம்புலன்ஸ்ல வழி பூரா பைய அமுக்கி மூச்சு குடுத்துக்கிட்டே போனன். வூட்டுக்குள்ள கொண்டுபோயி படுக்கவச்சதும் குழாய எடுத்துட்டன்."

"சரி. முதல் ஏன். ஏன் எடுத்த?"

"அவுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. எடுத்துட்டு வந்துருன்னுதான் ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பினாங்க."

அவன் முதல் கட்டத்தை நிரப்பினான். "ரெண்டாவது. கையெழுத்து இருக்குல்ல, பெறகு ஏன் அது தப்புங்கிற?"

"வெரலு அசஞ்சுது."

"யாருக்கு?"

"அவருக்குத்தான். வாசப்படி தாண்டறப்ப பை ஒரு கையில, இன்னொரு கையி அவரு கை மேல இருந்துச்சு. சுண்டுவெரலு என் உள்ளங்கையில ரெண்டு தரம் முட்டுச்சு. கட்டுவிரியன் கடிக்கு அப்பிடித்தான். கட்டை மாதிரிக் கெடப்பாங்க, உள்ள நெனவு இருக்கும். மெதுவாத்தான் திரும்பும். எனக்குத் தெரியும் அது. ஆட்டத்துல தூக்கறப்ப அசஞ்சதுன்னு நெனச்சிக்கிட்டன். குழாய எடுத்தப்பறமும் நெஞ்சு தானா ஏறி எறங்குச்சு."

மாதவன் பென்சிலை எடுத்து எழுதினான். இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"மூணாவது. அதப் பாத்தும் ஏன் டாக்டருக்குப் போன் பண்ணல?"

"பண்ணலாம்னு கையில எடுத்தன். அவரு பொண்டாட்டி வெள்ளையம்மா வந்து கையப் புடிச்சிக்கிட்டாங்க. உன்னாலதான் தாயீ வூட்டுக்குள்ள வந்துட்டாருன்னு அழுவுறாங்க. கொஞ்ச நேரம் இருந்து பாக்கலாம், நாடி நல்லா இருந்தா திரும்பக் குழாயப் போட்டு எடுத்துட்டுப் போலாம்னு சொல்ல வாயெடுத்தன். ஆம்புலன்ஸ் டிரைவரு ஆஞ்சப்பன்கூட, இரும்மா பாத்துட்டே போலாம்னுதான் சொன்னாரு."

"நாலாவது. ஏன் இருக்கல?"

"போவணும்னு அவசரம்."

"என்ன அவசரம்? அஞ்சாவது இது. ஏன் அவசரம்?"

சுகுணா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் அவனைப் பிறகு பல நாள் வதைத்தது.

"நீங்க போன் பண்ணீங்க. நாயித்துக்கெழம, கம்பெனில ஓவர்டைம், ஓ.டி.க்கு கூப்ட்டிருக்காங்க, பன்னெண்டு மணிக்குள்ள வரலன்னா போச்சு, கொழந்தைய யாரு பாப்பான்னு. வழியில ரெண்டு தரம். அவுங்க வூட்டு வாசல்ல நின்னப்ப மூணாந்தரம். சத்தம் போட்டீங்க. நைட் டூட்டி முடிச்சு அப்பிடியே வண்டி ஏறுனவ நானு. சரி வரன்னு சொல்லிட்டு வந்துட்டன்."

"அந்த ஆளு?"

"சாயங்காலம் நாலு மணிக்குப் போனாராம். ஆஞ்சப்பன் மறாநாளு சொன்னாரு. அஞ்சு மணி நேரத்துக்கு மேல தானா மூச்சு வுட்டிருக்காரு."

அடுப்பில் வைத்த உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நானா போன் பண்ணேன்?" என்றான் மாதவன். "எனக்கு ஞாபகமே இல்லையே."

அது பொய். அவள் 'நாயித்துக்கெழம' என்று சொன்ன உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஓ.டி.யும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாகலூர் ரோட்டில் மனை விற்கிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து இலவசமாக வேன் விட்டிருந்தார்கள். அப்போது ஓசூரில் எல்லோருக்கும் மனைப் பைத்தியம். கம்பெனி நண்பர்கள் நான்கு பேர் கிளம்பினார்கள், இவனும் கிளம்பினான். சைட் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், வாங்க வக்கில்லாமல் எதற்குப் பார்க்கப் போகிறீர்கள் என்று அவள் கேட்பாள். அதற்காக ஓ.டி. என்றான். அவ்வளவுதான். இத்தனை சின்னப் பொய்க்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். இதை அவன் தனக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தான். ஒரு தடவையும் மனசு கேட்கவில்லை.

ஐந்தாவது கட்டம் காலியாகவே இருந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதச் சொல்லாத" என்றான். "கேஸு கீஸுன்னு ஆயிரும். வேற எழுதித் தாரேன்."

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தான். டிரிப் வேகத்தைத் தப்பாக வைத்துவிட்டாள், பத்து நிமிஷத்தில் தானே கண்டுபிடித்தாள், டாக்டரிடம் சொல்லித் தாளில் பதிந்தாள், பேஷன்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பும் இருக்கிறது, சேதமும் இல்லை. ஆங்கிலத்தில் எட்டு வரி. வெள்ளிக்கிழமை ஸ்வாதிக்குத் தலை பின்னிக்கொண்டே எட்டு வரியையும் தட்டாமல் ஒப்பித்தாள். "சூப்பர்" என்றான் மாதவன். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. குழந்தைதான் கை தட்டியது.

அந்த இரண்டு நாளும் அவனுக்கு வாய் வரை வந்தது. களி கிண்டும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போது. அன்னைக்கு நான் பொய் சொன்னேன் சுகுணா. ஐந்தே வார்த்தை. இன்டர்வியூ நேரத்தில் மனசைக் கலைக்கக் கூடாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டான். சாக்கு நல்ல சாக்குதான். ஆனாலும் பயம்தான் உண்மை.

சனிக்கிழமை பனிமூட்டத்தில் பஸ் ஏறினார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் சான்றிதழ் பையை மடியில் வைத்து உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நூறு பெண்களாவது நின்றார்கள். பாதிப் பேர் கேரளத்துப் பெண்கள், ஆங்கிலம் தண்ணீராக ஓடியது. மாதவனுக்கு நம்பிக்கை போயிற்று. "பயப்படாத" என்று அவளுக்குச் சொன்னான். அவள் போன பிறகு எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று நான்கு டீ குடித்தான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கேட்டைத் தாண்டி வந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிடைத்தது, கிடைக்கவில்லை என்று தனக்குள் பிரித்துப் போட்டான். சுகுணா இரண்டரை மணிக்கு வந்தாள். அந்த முகத்தில் மட்டும் அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

"என்னாச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க. ஒன்னாந்தேதி வரச் சொன்னாங்க. ஐ.சி.யூ.தான்."

அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கிளம்புகிற பஸ்ஸைப் பிடித்து, இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டான்.

"அந்தக் கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வயசான அம்மா ஒருத்தங்க, நர்சுங்களுக்கெல்லாம் பெரியவங்க. நல்லாத் தமிழ் பேசறாங்க."

"நான் எழுதினதச் சொன்னியா?"

"ஆரம்பிச்சன். ரெண்டு வரிக்கு மேல வரல. வேப்பனப்பள்ளியச் சொல்லிட்டன்."

"முழுசுமா?"

"முழுசும். ஏன் நிக்கலன்னு கேட்டாங்க. வூட்டுக்குப் போற அவசரத்துல வந்துட்டன்னு சொன்னன்."

"என் போன?"

"அத எதுக்குச் சொல்லணும்? போன் பண்ணது நீங்க. அவர வுட்டுட்டு வண்டி ஏறுனது நான்தான?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"கண்ணாடியக் கழட்டி வச்சாங்க. அப்பறம், இங்கயும் அந்த மாதிரி வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, நீ கூடப் போவியான்னு கேட்டாங்க. போவன், ஆனா உசுரு போற வரைக்கும் பக்கத்துலயே இருப்பன், யாரு கூப்ட்டாலும் வரமாட்டன்னு சொன்னன்."

பஸ் பொம்மசந்திராவைத் தாண்டியது. கம்பெனி வாசல்கள் பாதி வெறிச்சோடிக் கிடந்தன. யாரு கூப்ட்டாலும் என்று அவள் சொன்னது அவனை நினைத்துச் சொன்னதல்ல என்று அவனுக்குத் தெரியும். அப்படித் தெரிந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவன் வாங்கிக்கொள்ள வேண்டிய பழியையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஓ.டி.க்குப் போன புருஷனுக்காக.

"சுகுணா" என்றான். "அன்னைக்கு எனக்கு ஓ.டி. இல்ல."

அவள் திரும்பினாள்.

"ஞாபகம் இல்லைன்னு சொன்னதும் பொய்தான். பாகலூர் ரோட்டுக்கு சைட் பாக்கப் போனேன். அவய்ங்களே வேன் வச்சு கூட்டிட்டுப் போனாய்ங்க. உன்கிட்டச் சொன்னா வேணாம்பேன்னு ஓ.டி.ன்னு சொன்னேன்."

"வாங்கறதுக்கா போனீங்க?"

"இல்ல. சும்மா. எல்லாரும் போனாய்ங்க."

"எத்தன மணி வரைக்கும் இருந்தீங்க?"

"நாலு, நாலரை இருக்கும். மத்தியானம் சாப்பாடு போட்டாய்ங்க. பிரியாணி."

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். சுகுணா டிக்கெட்டைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அழுவாள் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

இன்னொரு பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றான். "ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்ட்டேன்."

சுகுணா மடியில் இருந்த பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.